பாதியில் நின்ற பில்லும் பொன்னுதாசும்

நெய்யாற்றின்கரை மிஷன் பள்ளி ஆபீஸில் கிளார்க்காக இருந்த எலியாவுக்குப் பொன்னுதாஸ் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தவணைக்கு வாங்கிய வகையில் வந்த கடன். இருபத்தேழு மாதத்தில் கடைசிப் பைசாவரை அடைத்தார். அந்த இருபத்தேழு மாதமும் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து சபை வெளியே வந்ததும் எலியா நாலு பேர் கேட்கும்படி, “பொன்னுதாசே, நம்ம கம்ப்யூட்டர் சொகமா இருக்குதா?” என்று விசாரிப்பார். கடைசித் தவணை கொடுத்த அன்று பொன்னுதாஸ் நாற்பது பேர் கேட்கும்படி பதில் சொன்னார்: “இன்னைக்கு மொதல் அது எனக்க கம்ப்யூட்டராக்கும். இனி அதுக்க சொகத்தெ நான் பாத்துக்கிடுவேன்.” பாதிரியார் சிரித்தார். எலியா சிரிக்கவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொன்னுதாஸ் பேச்சு எடுத்தாலே, யாரோ கைதூக்கி விட்டார்கள், யாரோ படிக்க வைத்தார்கள் என்று பாறசாலைப் பக்கம் ஒரு கதை கிளம்பும். ஒருவரும் தூக்கிவிடவில்லை. எலியாகூட வட்டி போட்டுத்தான் விற்றார்.

ஆள் எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவர். மூன்றாவது தடவை தோற்கப் பொறுமை இல்லாமல் மைக்செட் கட்டப் போனார். கல்யாணம், கன்வென்ஷன், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எந்தக் கடவுளுக்கும் எந்தக் கொடிக்கும் ஒரே ரேட்டில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டினார். மைக்செட்டிலிருந்து ரேடியோ, ரேடியோவிலிருந்து டிவி, டிவியிலிருந்து கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு லினக்ஸ் சிடி ஒன்று இலவசமாக வரும். வாங்கியவர்கள் அதைப் பயறுப் பந்தலில் கிளி விரட்டத் தொங்கவிட்டார்கள். பொன்னுதாஸ் ஒருவர்தான் அதைக் கம்ப்யூட்டருக்குள் போட்டார்.

அப்படித்தான் கெர்னல் அவர் கையில் சிக்கியது. கெர்னல் என்பது மெஷீனுக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற புரோகிராம். திரை இப்போது யாருக்கு, பிரிண்டர் யாருக்கு, மெமரியில் எவ்வளவு யாருக்கு என்று பங்கு வைத்துக் கொடுப்பது அது. அது நின்றால் எல்லாம் நின்றது. பள்ளியில் இங்கிலீஷுக்குப் பதினொரு மார்க் வாங்கியவர், கெர்னல்காரர்களின் இங்கிலீஷை அகராதி வைத்து ஒவ்வொரு சொல்லாக உரித்துப் படித்தார். ஐந்து வருஷம் ஆயிற்று. இஞ்சினியரிங் படிக்கிறவனுக்கும் நாலு வருஷம் ஆகத்தான் செய்கிறது. அவன் வெளியே வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். பொன்னுதாசுக்கு அந்தச் செலவு மிச்சம்.

இரண்டாயிரத்துப் பதினாலில், ஒரு பழைய பிரிண்டரைக் கெர்னலோடு பேச வைக்கிற துண்டு புரோகிராமில் அவர் திருத்தி அனுப்பிய ஒரு வரியை வெளிநாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, கல்யாணப் போட்டோவுக்கு மேலே மாட்டினார்.

“ஒத்த வரிக்கு முன்னூத்தம்பது ரூவா ஃப்ரேம்,” என்றாள் மனைவி ரத்னபாய்.

“ஒனக்க அப்பன் எழுதின வரி எங்க தொங்குது? காட்டு.”

“எங்கப்பன் பத்திரத்தில எழுதின வரிக்க மேலதான் நீங்க இப்பம் நிக்கிய. இந்த வீடும் எட்டு சென்டும் அதாக்கும்.”

தானே முளைத்துத் தானே வளர்ந்த மனுஷனுக்கு இப்படி ஒரு மனைவி வாய்த்திருக்கக் கூடாது. பொன்னுதாஸ் வாசலுக்குப் போய் போர்டைத் துடைத்தார். ‘பொன்னுதாஸ், கெர்னல் வேலைகள்’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய போர்டு. அதைப் பார்த்து முதலில் வந்த ஆள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணா, கெர்னல் இதில உண்டா?” என்று கேட்டான். “உண்டு, போயிருக்குது,” என்று சொல்லி பிரஷ் மாற்றிக் கொடுத்து நூற்றைம்பது ரூபாய் வாங்கினார்.

போன வருஷம் கொச்சியில் ஒரு கம்பெனி கையடக்கமான பில் மெஷீன் இறக்கியது. திரை, பட்டன், சிறிய பிரிண்டர், உள்ளே லினக்ஸ். தமிழிலும் மலையாளத்திலும் பில் அடிக்கும். தமிழ்நாட்டு-கேரள எல்லைப் பக்கத்துக்கு டீலர்ஷிப் எடுத்தவன் அனூஜ். நாற்பது வயது, மொபைல் கடை நடத்தி மூடியவன், இதையாவது மூடாமல் நடத்த வேண்டும் என்று நினைத்தவன். அவன் மெஷீனைக் கொண்டுவந்து பொன்னுதாஸ் கையில் கொடுத்து, “மாமா ஒண்ணு பாத்து நல்லதுன்னு சொல்லிப்போட்டா போதும். மாமாக்க வாக்கிலதான் விப்பேன்,” என்றான். பொன்னுதாஸ் பத்து நாள் மெஷீனைக் குடைந்து பார்த்து, கம்பெனிக்கு நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதி, நல்லது என்று ஒப்புக்கொண்டார். மெஷீனுக்கு ஐநூறு ரூபாய் அவருக்கு. அத்தோடு விடவில்லை. ‘பொன்னுதாஸ் பார்த்து ஒப்புக்கொண்டது’ என்று தன் போட்டோவோடு ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு மெஷீனின் முதுகிலும் ஒட்டவைத்தார்.

பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரை இருபத்தாறு கடைகள் அந்த முகத்தை நம்பி வாங்கின. விலை பதினாலாயிரத்து ஐநூறு. கையில் ஐயாயிரம், மீதி ஒன்பதாயிரத்து ஐநூறு இரண்டு மாதம் கழித்து.

கடைக்காரர்களுக்குக் கை பழகி வேகம் வந்த இரண்டாவது மாதம் மெஷீன்கள் நிற்கத் தொடங்கின.

சாதாரணமாக நிற்கவில்லை. பில் பாதி வரும். பெயர் இருக்கும், எடை இருக்கும், கிலோவுக்கு என்ன விலை என்று இருக்கும், மொத்தத் தொகை இருக்காது. பேப்பர் நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி நின்றுவிடும். திரை அப்படியே உறைந்துவிடும். எந்தப் பட்டனும் வேலை செய்யாது. பேட்டரியைப் பிடுங்கிப் போட்டால்தான் உயிர் வரும். பேட்டரி முதுகுப் பக்கம். அதைப் பிடுங்கத் திருப்பும்போது ஸ்டிக்கரில் பொன்னுதாஸ் சிரித்துக்கொண்டிருப்பார். ரப்பர் ஷீட்டை விற்கக் கொண்டுவந்த மலைக்காரன் தொகை இல்லாத பில்லோடு கடைக்காரனின் சட்டையைப் பிடிக்க, கடைக்காரன் பொன்னுதாசின் மூக்குக்குக் கீழே பேனாவால் மீசை வரைந்து ஆறுதல் அடைந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அனூஜ் வந்தான். முகம் காய்ந்து போயிருந்தது.

“மாமா, ஒருத்தனும் மீதி பைசா தரமாட்டேன்னு சொல்லுதான். கம்பெனிக்கு நான் செக்கு கொடுத்தாச்சு. திங்கக்கெழமை பேங்கில போடுவானுவ. சனிக்கெழமைக்குள்ள பைசா எனக்க கணக்கில கெடக்கணும்.”

“கெடக்கேல்லெங்கி?”

“எனக்க பெஞ்சாதி அஜிதாக்க பதினோரு பவன் அடகில இருக்குது. அதும் போவும், எனக்க டீலர்ஷிப்பும் போவும். வெள்ளறடை விலாசினியக்கா சொல்லிப்போட்டாவ, சனிக்கெழமைக்குள்ள மெஷீனு சரியாவேல்லெங்கி அதெ மாமாக்க வாசல்ல கொண்டு எறிவேன்னு. அவிய எறிஞ்சா மத்த இருபத்தஞ்சும் வந்து விழும்.”

விலாசினி என்பவள் வெள்ளறடை மார்க்கெட்டில் ரப்பர் ஷீட் வாங்குகிற கடைக்காரி. அவள் பணம் கொடுத்தால் மார்க்கெட் கொடுக்கும். அவள் எறிந்தால் மார்க்கெட் எறியும்.

“கம்பெனியில என்ன சொல்லுதான்?”

“சபரிநாதன் சாரு ஏரியாவில கரண்டு செரியில்லன்னு சொல்லுதாரு. வோல்டேஜ் பிரச்சனமாம்.”

சபரிநாதன் கம்பெனியின் பெரிய இஞ்சினியர். காட்டாக்கடைக்காரன், எம்.டெக்.

“பேட்டரியில ஓடுத மெஷீனுக்கு என்ன வோல்டேஜ்லே? அவன் எம்.டெக்கு படிச்சது மெழுகுதிரி வெளிச்சத்திலயா?”

பொன்னுதாஸ் ஒரு மெஷீனை வாங்கி வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அஜிதாவின் பதினோரு பவனும் தன்னுடைய முகமும் ஒரே அடகில் இருந்தன. அன்று முழுக்கவும் மறுநாள் மத்தியானம் வரையும் பில் அடித்தார். தமிழில் இருநூறு, மலையாளத்தில் இருநூறு. ஒன்றுகூட நிற்கவில்லை. வீடு முழுக்கக் காகிதம் சுருண்டு கிடந்தது. ரத்னபாய் ஒரு சுருளை எடுத்து வாசித்தாள்.

“பொன்னுதாஸ், ரப்பர் ஷீட், தொண்ணூறு கிலோ. தொண்ணூறு கிலோ ஷீட்டு நீங்க எந்தக் காலத்தில கண்டிய?”

“டெஸ்ட் பண்ணுதேன். வாய மூடு.”

“டெஸ்டிலயாவது பணக்காரனா இருங்க.”

மெஷீன் வீட்டில் நிற்காது, கடையில்தான் நிற்கும் என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளக் கொச்சிக்காரர்களுக்கு ஒரு மாதம் போதவில்லை. பொன்னுதாசுக்கு ஒன்றரை நாள் போதும். புதன் மத்தியானம் வெள்ளறடை பஸ் ஏறினார்.

விலாசினி மெஷீனைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தாள், பிறகு ஆளைப் பார்த்தாள்.

“போட்டோவில கொறச்சு நல்லா இருக்கிய, அண்ணா.”

“போட்டோவுக்கு வயசாவாது பிள்ளே. நீ கச்சவடத்தெ நடத்து. நான் சும்மா இருந்து பாக்குதேன்.”

வியாபாரம் நடக்கட்டும் என்று ஷீட் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். சாக்குத் தொப்பியும் புகை நாற்றமுமாக ஆட்கள் வந்தார்கள். எடை போடுவாள், பெயர் அடிப்பாள், பிரிண்ட் கொடுப்பாள். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, மூன்று வந்தது. நாலாவது பாதியில் நின்றது. பொன்னுதாஸ் திரையையும் பேப்பரையும் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த ஏழு பில்லுக்குத் திரையை விட்டுவிட்டு எந்தப் பட்டனை அழுத்துகிறாள் என்று அவள் கையைப் பார்த்தார்.

“பிள்ளே, இப்பம் எதெ ஞெக்கின?”

“பிரிண்டு.”

“அதுக்கு பொறவு?”

“ஒண்ணும் ஞெக்கேல்ல.”

“ஞெக்கின. பெருவெரலு போச்சு. நான் கண்டேன்.”

“ஓ, அதா? அது பாஷை மாத்தினதாக்கும். அதெல்லாம் ஒரு ஞெக்கா? கண்ணு சிமிட்டுத மாதிரி.”

“என்னத்துக்கு மாத்துத?”

விலாசினி மூளை கெட்டவனுக்குச் சொல்வது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “ஷீட்டு கொண்டு வாறவனுக்கு மலையாளத்தில பில்லு வேணும். நான் தமிழ் பள்ளிக்கூடத்தில படிச்சவ, எனக்கு தமிழ் வேணும். பில்லு அவனுக்கு, மெஷீனு எனக்கு. அப்பம் மலையாளமாக்கி பிரிண்டு கொடுப்பேன், கொடுத்த ஒடனே தமிழாக்குவேன். அடுத்தவனுக்க பேரு அடிக்காண்டாமா?”

பொன்னுதாஸ் ஷீட் கட்டிலிருந்து இறங்கிவிட்டார்.

எல்லைக் கடைகள் முழுக்க இதுதான் பழக்கம். காட்டாக்கடையில் மெஷீனை மலையாளத்தில் வைத்தால் அது சாகும்வரை மலையாளம். நாகர்கோவிலில் தமிழில் வைத்தால் அப்படியே தமிழ். கம்பெனியில் இரண்டு பாஷையிலும் ஆயிரம் ஆயிரம் பில் அடித்துச் சோதித்திருந்தார்கள். ஒரு மனுஷி பேப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாஷையை மாற்றுவாள் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவன் பாறசாலையில் பிறந்திருக்க வேண்டும். பொன்னுதாஸ் அங்கேதான் பிறந்தவர், அவருக்கும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

“ஞெக்கு பிள்ளே. இன்னும் வேகமா ஞெக்கு.”

மூன்றாவது தடவை மெஷீன் செத்தது. பொன்னுதாஸ் கைதட்டினார்.

“எனக்க கச்சவடம் முடங்கிக் கெடக்குது, இவரு நின்னு கைதட்டுதாரு,” என்று விலாசினி மார்க்கெட்டுக்கே கேட்கும்படி சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு விஷயம் பாதி துலங்கிவிட்டது. இது அவர் ஏற்கெனவே பட்டுத் தெரிந்த சங்கதி. எண்பத்து நாலில் நெய்யாற்றின்கரையில் மைக்செட் வாடகைக்குக் கொடுக்கிற கடையில் ஒரு முகூர்த்த நாளில் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஒரு ஜோடி ஹார்னும்தான் பாக்கி. பொன்னுதாஸ் முன்வாசலில் போய் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டார். காஞ்சிரங்குளத்துக்காரன் ஒருவன் பின்வாசலில் போய் ஹார்னைத் தூக்கிக்கொண்டான். அவன் தரட்டும் என்று இவர், இவர் தரட்டும் என்று அவன். இரண்டு பேரும் பிடித்ததை விடாமல் மத்தியானம்வரை நின்றார்கள். இரண்டு கல்யாணமும் பாட்டில்லாமல் முடிந்தது. கடைக்காரர் மறுநாள் சுவரில் எழுதிப்போட்டார்: முதலில் ஹார்ன், ஹார்ன் கையில் இருக்கிறவனுக்கே ஆம்ப்ளிஃபயர். அதன்பிறகு ஹார்ன் கிடைக்காதவன் வரிசையில் நின்றான், கிடைத்தவன் கல்யாணத்துக்குப் போனான்.

கெர்னலிலும் இதே கூத்துதான். பிரிண்டருக்கு ஒரு பூட்டு, திரைக்கு ஒரு பூட்டு. எந்த வேலை பூட்டை எடுத்ததோ அது விடும்வரை மற்றவை காத்து நிற்க வேண்டும். பில் அடிக்கிற வேலை முதலில் பிரிண்டர் பூட்டை எடுக்கும், பிறகு ‘அச்சாகிறது’ என்று காட்டத் திரைப் பூட்டைக் கேட்கும். பாஷை மாற்றுகிற வேலை முதலில் திரைப் பூட்டை எடுக்கும், பிறகு எழுத்துகளை ஏற்றப் பிரிண்டர் பூட்டைக் கேட்கும். விலாசினியின் பெருவிரல் இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டால் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

அப்படி இருக்க வேண்டும் என்பது பொன்னுதாசின் ஊகம். ஊகத்தைக் கொண்டு சபரிநாதனிடம் போனால் அவன் மறுபடி வோல்டேஜ் என்பான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அதற்குக் கெர்னலிலேயே ஒரு காவல்காரன் உண்டு. லாக்டெப் என்று பெயர். யார் எந்தப் பூட்டுக்குப் பிறகு எந்தப் பூட்டை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருக்கும். ஒருவன் எடுத்த வரிசைக்குத் தலைகீழாக இன்னொருவன் எடுப்பதைக் கண்டால் போதும், மெஷீன் நிற்பதற்கு முன்பே கூச்சல் போட்டு, எந்தப் பூட்டு, எந்த இடம் என்று எழுதியும் கொடுத்துவிடும். விற்கிற மெஷீனில் அதை அணைத்து வைப்பார்கள், வேகம் குறையும் என்று.

வியாழன் காலை பொன்னுதாஸ் லாக்டெப்பை விழிக்க வைத்து மெஷீனை ஓடவிட்டார். ஓடத் தொடங்கியதும் வைஃபை பற்றி ஒரு கூச்சல். அது தெரிந்ததுதான், பழையது, ஆபத்தில்லாதது. பிறகு பாஷையை மாற்றினார், பில் அடித்தார், மாற்றினார், அடித்தார். மெஷீன்கூட இரண்டு தடவை செத்தது. லாக்டெப் வாயைத் திறக்கவில்லை.

“சம்பளம் வாங்காத காவல்காரன் இப்படித்தான்,” என்று திட்டினார். ஊகமே தப்போ என்று சந்தேகம் வந்தது. சனிக்கிழமைக்கு இரண்டு நாள். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு லாக்டெப் பற்றி எழுதியதை முதல் வரியிலிருந்து மறுபடி உரித்தார். பதினோரு மணிக்கு ஒரு வாக்கியத்தில் வந்து இடித்துக்கொண்டார். லாக்டெப் ஒரு தடவைதான் கூவும். முதல் தப்பைச் சொன்னதும் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். மெஷீனை மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் அதற்கு வாய் உண்டு.

அதாவது, மெஷீன் கண் விழித்ததும் வைஃபைக்காகக் கூவிவிட்டு அது தூங்கப் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும். கொச்சியிலும் அப்படித்தான்.

பொன்னுதாஸ் மெல்ல எழுந்து போய்த் தன்னுடைய ரிப்போர்ட்டின் நகலை எடுத்தார். மூன்றாம் பக்கம். ‘ஸ்டார்ட் ஆகும்போது வைஃபை பற்றி ஒரு எச்சரிக்கை வரும். ஆபத்தில்லை. கண்டுகொள்ள வேண்டாம்.’ கீழே கையெழுத்து, பெரிதாக, இரண்டு கோடு போட்டு.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ரத்னபாய் கட்டன் காப்பியோடு வந்து முகத்தைப் பார்த்தாள்.

“என்னவாக்கும்?”

“நான் ஒரு மடத்தனம் செய்துபோட்டேன்.”

“எந்த வருசத்தில உள்ளதெ சொல்லுதிய?”

காப்பியைக் குடித்தார். அந்த ஆபத்தில்லாத வைஃபை தப்பை முதலில் சரிசெய்தார். அதற்கே சாயங்காலம் நாலு மணி ஆயிற்று. மெஷீனை ஸ்டார்ட் செய்தார். கூச்சல் இல்லை. லாக்டெப் முதல் தடவையாக முழுசாக விழித்திருந்தது. பாஷை பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தினார். அமைதி. அது முடிந்து, நிதானமாக, ஒரே ஒரு பில் கொடுத்தார்.

லாக்டெப் அலறியது. மெஷீன் நிற்கக்கூட இல்லை. பில் முழுசாக வந்தது, தொகையோடு. அப்படியும் அது விடாமல் எழுதித் தள்ளியது: இங்கே திரைக்குப் பிறகு பிரிண்டர், அங்கே பிரிண்டருக்குப் பிறகு திரை, இந்த இரண்டும் ஒருநாள் முட்டிக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் அவர் நினைத்தது அப்படியே, வரி எண்ணோடு.

வெள்ளி காலை அனூஜைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சபரிநாதனைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். லாக்டெப் எழுதியதை அனுப்பியிருந்தார். சபரிநாதன் அதை இரண்டு தடவை வாசித்தான்.

“அண்ணா, இது இவிடெ ஒருதடவைகூட வந்ததில்லையே.”

“எப்படி வரும்? வைஃபைக்கு கூவிப்போட்டு அது ஒறங்கிப் போச்சு.”

“அந்த வைஃபை வார்னிங்கைக் கண்டுக்க வேண்டாம்னு அண்ணாதானே எழுதித் தந்தது? இவிடெ லேப் செவுத்தில ஒட்டி வெச்சிருக்கோம். அண்ணாக்க கையெழுத்தோட.”

அனூஜ் திரும்பிப் பொன்னுதாசைப் பார்த்தான். உள்ளே ரத்னபாய் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

“ஓம்,” என்றார் பொன்னுதாஸ். “தப்பு செய்ததும் நாந்தான். அதெ கண்டுபிடிச்சதும் நாந்தான். ரெண்டுக்கும் ஒங்க ஆப்பீசில ஆளில்லேல்லா? அந்தக் கடலாசெ இப்பமே கிழி.”

“கிழிச்சிடறேன். ஃபிக்ஸ் ரொம்ப ஈஸி அண்ணா. ரெண்டாவது பூட்டு கிடைக்கலைன்னா ரெண்டு செக்கண்ட் பாத்துட்டு விட்டுட்டுப் போகச் சொல்லிடலாம்.”

“விட்டுட்டு போனா? பில்லு பாதியில நிக்கும், மெஷீனு மட்டும் சாவாது. மலைக்காரனுக்கு தொகை இல்லாத பில்லு கிட்டினா போதுமா? மக்கா, ஆம்ப்ளிஃபயரெ அரமணிக்கூறு பிடிச்சிட்டு விட்டுப்போனா கல்யாணத்தில பாட்டு கேக்குமா?”

“என்ன ஆம்ப்ளிஃபயர்?”

“அது கெடக்கட்டு. ரெண்டு வேலையும் ஒரே வரிசையில எடுக்கணும். மொதல்ல பிரிண்டர் பூட்டு, பொறவு திரை. பாஷை மாத்துதவனும் அப்படியே. பில்லு அடிச்சு முடியட்டும், அதுவரெ அவன் வெளிய நிக்கட்டும்.”

“அப்ப பாஷை மாற ரெண்டு செக்கண்ட் தாமசம் ஆகும்.”

“ஆவட்டும். ரெண்டு செக்கண்டில ஒருத்தனும் சாவமாட்டான்.”

சபரிநாதன் யோசித்தான். அவன் மோசமானவன் அல்ல. யோசிக்கிறவன் யாரும் முழு மோசமில்லை. “சரி அண்ணா. வரிசையை மாத்தி, பாஷையைத் தட்டிக்கிட்டே ரெண்டாயிரம் பில் அடிச்சுப் பாத்துட்டு அனுப்பறேன்.” சாயங்காலம் ஆறு மணிக்குப் புதிய சாஃப்ட்வேர் வந்தது. அதோடு ஒரு வரிச் செய்தி: ரெண்டாயிரத்து நூறு, ஒன்றும் நிற்கவில்லை, லாக்டெப்பும் பேசவில்லை. பொன்னுதாஸ் அதை நம்பவில்லை. தானும் ஒரு முந்நூறு அடித்துப் பார்த்துவிட்டு நம்பினார்.

சனி காலை எட்டரைக்கு அனூஜும் அவரும் வெள்ளறடையில் ஆஜர். மெஷீனில் புதியதை ஏற்றி விலாசினி கையில் கொடுத்தார்கள். செய்தி எப்படியோ பரவி, பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வேலை இருப்பது போல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னைக்கும் நின்னா, அண்ணா, ஒங்க வாசலுவரெ நான் வரமாட்டேன். இஞ்சேயே எறிவேன்,” என்றாள் விலாசினி.

“எறி. பிடிக்க ஆளு நிக்குது.”

அவள் வியாபாரத்தைத் தொடங்கினாள். மலையாளமாக்கினாள், பிரிண்ட் கொடுத்தாள், பேப்பர் தலை நீட்டும்போதே தமிழாக்கினாள். பில் முழுசாக இறங்கியது, பிறகு திரை தமிழானது. அடுத்தது. அதற்கடுத்தது. பத்தாவது பில்லுக்கு வேண்டுமென்றே பாஷைப் பட்டனை அம்மி அரைப்பது மாதிரி போட்டு அரைத்தாள். பேப்பர் வந்துகொண்டே இருந்தது. அனூஜ் பில்லின் அடியில் மொத்தத் தொகை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். ஷீட் விற்க வந்த கிழவர் ஒருவர், “எந்தா மோனே, என்றெ காசா நீ நோக்குந்நது?” என்று தன் காசை எட்டிப் பார்த்தவனின் கையைத் தட்டிவிட்டார்.

மணி பதினொன்றரை. நாற்பத்தொரு பில். ஒன்றும் நிற்கவில்லை.

“பாஷை மாறுததுக்கு இப்பம் கொறச்சு நேரம் ஆவுது,” என்றாள் விலாசினி.

“ஆவும். பில்லு முடிஞ்ச பொறவுதான் மாறும்.”

“அப்பம் எனக்கு அந்த நேரம் போச்சுல்லா? நாளொண்ணுக்கு நூறு பில்லு. ஒரு ஐநூறு கொறச்சுக்கிடுங்க.”

“ஒரு பைசா கொறயாது. அந்த ரெண்டு செக்கண்டு நீ வாய மூடி இருக்குததுக்கு மார்க்கெட்டு எனக்கு பைசா தரணும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விலாசினியும் சிரித்துவிட்டாள், அடக்கப் பார்த்து முடியாமல். மேஜை இழுப்பறையை இழுத்தாள். ரப்பர் பேண்ட் போட்ட கட்டை எடுத்து, நாக்கில் விரலைத் தொட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தங்கள் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்கள்.

“கைய நீட்டு அனூஜே. என்னத்துக்கு பதுங்குத? பைசாதானே தருதேன், கடிக்கவா போறேன்?”

அனூஜ் உள்ளங்கையை விரித்தான். விலாசினி மீதி ஒன்பதாயிரத்து ஐநூறுக்கும் ஐநூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, அழுத்தி, சத்தம் போட்டு எண்ணி வைத்தாள். பதினாலாவது நோட்டின் ஓரம் கிழிந்திருந்தது. பொன்னுதாஸ் விரலால் சுட்டினார். அவள் அதை மாற்றி வைத்தாள். பதினைந்து. பதினாறு. பதினேழு. பதினெட்டு. விரித்த கையில் பத்தொன்பதாவதும் வந்து விழுந்தது.